வெற்றிலை போடாமல் சிவந்த வாய்

‘நீங்க, வாங்க என்று மரியாதை போட்டுப் பேசினால் அடிப்பேன்’ என்று என்னை மிரட்டிய என் அருமைக் கெம்பக்காவுக்கு,

வருகிற அமாவாசையன்று உன்னைப் புளியமரத்தில் ஆணி வைத்து அறையப் போகிறார்கள். கொல்லனிடம் சொல்லி ஆணி அடித்து வாங்கியாயிற்று. மரமும் பார்த்தாயிற்று. ஏரிக்கரையில் தனியாக நிற்கிறதே, அதுதான். நீ செத்து இத்தனை வருஷம் கழித்து ஊர் உன்னை நினைத்துக்கொண்டது இதற்காகத்தான்.

உன் மகள் காவேரியை நீ பிடித்திருக்கிறாயாம். கையைப் பிடித்து உன் பக்கம் இழுக்கிறாயாம். தூங்குகிற பிள்ளை விழித்துக்கொள்ளும் என்று வளையலை முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டு வீடு கூட்டியவள் நீ. உன்னைப் போய் இப்படிச் சொல்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கிணற்றடியில் குடத்தைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை நான் மூடி வைக்கப் போவதில்லை, அக்கா. பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். நம் வீட்டுச் சங்கதியை ஊர் உலகம் படிப்பதா என்று நீ முகத்தைச் சுளிப்பாய். ஏன் இப்படிச் செய்கிறேன் என்பது போகப் போக உனக்கே தெரியும். பாப்பாரப்பட்டியில் என் அப்பா என்னை ஐந்தாவது வரைக்கும் படிக்க வைத்தது இதற்குத்தான் போலிருக்கிறது.

நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் அல்லவா, அவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். அண்ணனை நீயும் தம்பியை நானும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தோம். ஓரகத்திகள் என்றால் ஒருத்தி குழம்பில் இன்னொருத்தி உப்பை அள்ளிப் போடுவாள் என்று ஊர் காத்திருந்தது. ஊரை நாம் ஏமாற்றினோம். நீ ஏரியூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள், பிறந்த வீட்டில் கன்னடம். கோபம் வந்தால் உனக்குத் தமிழ் மறந்துபோகும். அடுப்படியில் உன் திட்டுகளைக் கேட்டுக் கேட்டே நானும் அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டேன். மொரப்பூர்ப் பக்கத்து இந்த ஊரில் உன் வீட்டுக்காரரையும் என்னையும் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

நீ படுக்கையில் விழுந்தது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில். என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் மொரப்பூர் ஸ்டேஷனில் பட்டாளத்து ரயில்கள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. அந்த வருஷத்து மழையில்தான் உனக்கு முதலில் முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் கணுக்கால். அப்புறம் மணிக்கட்டு. கூடவே விட்டுவிட்டுக் காய்ச்சல்.

“பச்சி, என்னமோ ஒன்னு எனக்குள்ள நடந்து போவுது,” என்றாய். “ஒரு எடத்துல உக்காந்து எளப்பாறிட்டு அடுத்த எடத்துக்குப் போவுது.”

நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

சேலத்துக்கு ரயிலில் அழைத்துப் போனோம். அங்கே ஒரு டாக்டர், பொறுமையான மனிதர், உன் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். இது மூட்டுக் காய்ச்சல், கவனிக்காவிட்டால் இதயத்தைத் தொட்டுவிடும், மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும் என்றார். சுண்ணாம்பு போல வெளுத்த மாத்திரை. வேளைக்கு நாலைந்து விழுங்க வேண்டும். எழுந்து கிளம்பும்போது ஒன்று கேட்டார்.

“வேற ஏதாச்சும் மருந்து சாப்பிடறீங்களாம்மா? லேகியம், கஷாயம், நாட்டு மருந்து ஏதாவது?”

நீ தலையை ஆட்டினாய். “இல்லீங்க.”

நான் பக்கத்திலேயே நின்றேன். நீ பொய் சொன்னால் உன் மூக்கு நுனியே எனக்குச் சொல்லிவிடும் என்று பெருமையாக நினைத்திருந்தேன். அன்று உன் மூக்கும் வாய் திறக்கவில்லை.

மாத்திரை வேலை செய்தது, அதை இல்லை என்று சொல்லமாட்டேன். வீக்கம் வடிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாய். ஆனால் காதில் சத்தம் வர ஆரம்பித்தது.

“காதுக்குள்ள யாரோ உடுக்க அடிக்கறாங்க பச்சி. எங்கியோ தூரத்துல. உச்சிப் பொழுதுல மட்டும் கிட்ட வருது.”

நான் உன் காதோடு என் காதை ஒட்டி வைத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை. வெளியே வெயில் வெள்ளையாக அடித்தது. தெருவில் ஒரு நாய்கூடப் படுத்திருக்கவில்லை. நீ மட்டும் தலையைச் சாய்த்து, யாரோ பேசுவதைக் கேட்பவள் போல உட்கார்ந்திருந்தாய்.

அதே சமயத்தில்தான் உனக்கு வெற்றிலைப் பழக்கம் வந்தது. சுண்ணாம்பு நாக்கைச் சுடுகிறது என்று முன்பெல்லாம் தொடவே மாட்டாய். இப்போது விடிந்தால் பொழுது சாய்கிற வரை மென்றுகொண்டே இருந்தாய். “யாரை மயக்கறதுக்கு இந்தச் சிவப்பு?” என்று நான் கேலி செய்தேன். “உன் புருசனத்தான்,” என்றாய். எவ்வளவு சிரித்தோம்.

புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்று வந்தது. விரதம். காலையிலிருந்து நீ பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, வெற்றிலையும் இல்லை. நடுப்பகலில் முற்றத்தில் உட்கார்ந்து நான் ஏதோ சொன்னதற்குச் சிரித்தாய். உன் பல்லிடுக்கெல்லாம் சிவப்பு.

“வெத்தல போட்டியாக்கா இன்னிக்கி?”

“இல்லியே.”

முந்தானையால் வாயைத் துடைத்தாய். துணியில் சிவப்பு வந்தது. மறுபடி துடைத்தாய், மறுபடியும் வந்தது. நாம் இருவரும் அந்த முந்தானையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அப்புறம் நீ எழுந்து போய் வாயைக் கொப்பளித்துவிட்டுப் படுத்துக்கொண்டாய்.

அதற்குப் பின்னால்தான் கைகளில் அடையாளம் வந்தது. தோளுக்குக் கீழே இரண்டு கையிலும், ஒரு பக்கம் நாலு, மறுபக்கம் ஒன்று, நீலமும் கறுப்புமாக. நீ எங்கும் விழவில்லை, எதிலும் இடித்துக்கொள்ளவில்லை. யாரோ பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்ததைப் போல விரல் விரலாகத் தெரிந்தது. பழையது மங்குவதற்குள் மேலேயே புதியது வந்தது. பார்க்க வந்த பெண்கள் வாசற்படியைத் தாண்டவில்லை.

“முனி கை வெச்சிட்டான்,” என்றார்கள். “வாய்ல ரத்தம் குடிக்கறான் பாரு.”

பூசாரியை அழைத்தார்கள். அவர் கெட்டவர் இல்லை அக்கா, அதையும் சொல்லிவிட வேண்டும். உச்சிப் பொழுதில் வீட்டுக்குப் பின்னால் உன்னை உட்கார வைத்து உடுக்கை அடித்தார். புளியம் விளாரால் தட்டினார். எல்லாப் பேய்க்கும் அடிக்கிற அளவுதான் அடித்தார், ஓங்கி அடிக்கவில்லை. ஆனால் விளார் பட்ட இடமெல்லாம் எங்கள் கண் முன்னாலேயே ஊதிக் கறுத்தது. தோள், முதுகு, கால் எல்லாம். கூட்டம் பின்வாங்கியது. உடுக்கை நின்றுபோனது. பூசாரி விளாரைக் கீழே போட்டுவிட்டார்.

“இது நம்ம கைக்கு அடங்காதுங்க,” என்று சொல்லிவிட்டு அவர் கூலிகூட வாங்காமல் போய்விட்டார்.

நீ ரத்தம் ரத்தமாகக் கக்கினாய். அடுத்த சந்தை கூடுவதற்குள் போய்விட்டாய். முனி அடித்துச் செத்தாள் என்று ஊர் முடித்துவிட்டது. எனக்கும் அப்போது வேறு விதமாக நினைக்கத் தெரியவில்லை. காவேரி அப்போது என் இடுப்பில் இருந்தாள், உன் காலை ஏன் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாள்.

சரி, இப்போதைய சேதி சொல்கிறேன். வெள்ளைக்காரன் போய்விட்டான், அது உனக்குத் தெரியாது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குப் போன சின்ன ரயிலைச் சண்டைக்காலத்தில் பிடுங்கிக்கொண்டு போனார்களே, அது திரும்பி வரவே இல்லை. உன் வீட்டுக்காரர் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எல்லோரும் சொல்லிப் பார்த்துவிட்டோம். காவேரி என் உயரத்துக்கு வந்துவிட்டாள். முடி உன்னுடையது, பிடிவாதமும் உன்னுடையது. என்னைச் சின்னம்மா என்று கூப்பிடுகிறாள். உன் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள்.

இந்த ஆடியில் அவளுக்கு முழங்கால் வீங்கியது. அப்புறம் கணுக்கால். சேலத்துக்கு அழைத்துப் போய் அதே வெள்ளை மாத்திரையை வாங்கி வந்தோம். வீக்கம் வடிந்தது. ஒரு நாள் மத்தியானம் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தேன், உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

“சின்னம்மா, வெளிய யாரு உடுக்க அடிக்கறது?”

வெளியே யாரும் இல்லை. என் கையில் இருந்த முறம் அப்படியே நின்றுவிட்டது. நீ கேட்ட சத்தத்தைப் பற்றி அவளிடம் யாரும் ஒரு நாளும் சொன்னதில்லை.

பிறகு மூக்கில் ரத்தம் வந்தது. அதன் பிறகு கையில் அடையாளம், அதே இடத்தில், நாலும் ஒன்றும். இந்தத் தடவை ஊர் முனியைச் சொல்லவில்லை. “அவங்கம்மா புடிச்ச புடி,” என்றார்கள். “தனியா இருக்க முடியாம புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போவ வந்துருக்கறா.” உன் வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு பூசாரி வீட்டுக்குப் போனார். அதே பூசாரிதான், இப்போது தாடி நரைத்துவிட்டது.

அதே உச்சிப் பொழுது, அதே இடம். பிள்ளையை உட்கார வைத்தார்கள். உடுக்கை ஏற ஏற அவள் கழுத்து தளர்ந்து தலை சுற்ற ஆரம்பித்தது. பூசாரி தோளில் ஒரே ஒரு தட்டுத் தட்டி, “யாரு நீயி, சொல்லு,” என்றார். அவள் பேசினாள்.

“நானு யாரிகூ ஹேளில்லா,” என்றாள். “பாயி பிடலில்லா. மத்து யாக்கே சத்தோய்து?”

உன் குரல், அக்கா. கோபத்தில் முடிகிற இடத்தில் மேலே ஏறி உடையுமே, அது அப்படியே இருந்தது. கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை, பேய் உளறுகிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்குப் புரிந்தது. ‘நான் யாரிடமும் சொல்லவில்லை. வாய் திறக்கவில்லை. மருந்து ஏன் செத்துப்போனது?’ உன் வீட்டுக்காரருக்கும் புரிந்தது. அவர் முகம் சாம்பலாகிவிட்டது.

பூசாரி மறுபடி விளாரை ஓங்கினார். நான் பிள்ளை மேல் விழுந்து மறைத்துக்கொண்டேன். அடி என் முதுகில் விழுந்தது. இழுத்துப் பார்த்தார்கள், நான் விடவில்லை. கடைசியில் அவர் அவள் உச்சந்தலையிலிருந்து ஒரு கொத்து முடியை அறுத்து உன் வீட்டுக்காரரிடம் கொடுத்து, அமாவாசையன்று இதைப் புளியமரத்தில் வைத்து அறைந்துவிட்டால் தாய்க்காரி மரத்தோடு நின்றுவிடுவாள் என்று சொல்லிப் போனார்.

மறுநாள் காலையில் பார்த்தேன். ஒரு தட்டுப் பட்ட பிள்ளையின் தோள் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்திருந்தது. என் முதுகை என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, சிவப்பாகக் கோடு கோடாக இருக்கிறது, அவ்வளவுதான் என்றார். அடித்தது ஒரே விளார், ஒரே கை. அப்படியானால் வித்தியாசம் எங்கள் இருவர் உடம்பில்தானே இருக்க வேண்டும்? அன்றைக்கே சேலத்துக்குக் கிளம்பச் சொன்னேன். உன் வீட்டுக்காரர் மறுக்கவில்லை, கூட வந்தார்.

மொரப்பூரில் ரயில் பெட்டியின் படி உயரம் என்று உனக்குத் தெரியும். காவேரியால் கால் மடக்க முடியவில்லை. பின்னாலிருந்து இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி ஏற்றினேன். சேலம் நெருங்கும்போது அவள் ரவிக்கைக் கை மேலேறியது. பழைய அடையாளத்துக்குக் கொஞ்சம் கீழே புதிதாக வந்திருந்தது, நாலும் ஒன்றும். பட்டப்பகல், பெட்டி நிறைய ஜனம், அவள் என் மடியைவிட்டு நகரவே இல்லை. யார் வந்து பிடித்தார்கள்?

என்ன தோன்றியதோ, என் விரல்களை அதன் மேல் வைத்தேன். ஒவ்வொரு விரலும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. என் மோதிர விரல், கல்யாணத்துக்கு முன் உலக்கை பட்டு வளைந்ததே, அந்த வளைவுகூட அங்கே இருந்தது.

மூட்டு வலியில் எழுந்திருக்க முடியாத உன்னைத் தினமும் பின்னாலிருந்து தூக்கி உட்கார வைத்தது யார், அக்கா? ஊரே பார்த்து நடுங்கிய அந்த முனியின் கை இந்தக் கைதான். உன் மேல் பட்டதெல்லாம் அடையாளமாகத் தங்கிப்போயிருக்கிறது, அன்பாகப் பிடித்தது உட்பட. மீதித் தூரம் முழுக்க என் கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்தத் தடவை ஒரு டாக்டரம்மா. காவேரியின் ஈறைப் பார்த்தார், கையைப் பார்த்தார், முகம் மாறியது. “மாத்திரையத் தவிர வேற ஏதாச்சும் சாப்பிடறியா கண்ணு?” என்று கேட்டார்.

காவேரி தலையை ஆட்டினாள். “இல்லீங்க.”

நீ ஆட்டிய மாதிரியே ஆட்டினாள். அப்போதுதான் எனக்கு உச்சிப் பொழுதில் கேட்டது திரும்பி வந்தது. மருந்து செத்துப்போனது என்றால், எந்த மருந்து? நான் உன் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன்.

“எந்த மருந்துங்க மாமா? அக்கா யாருகிட்டயும் சொல்லலைன்னு சொன்னது எந்த மருந்து?”

“சொல்லக் கூடாது பச்சி,” என்றார்.

நான் குனிந்து பிள்ளையின் வாயருகே முகத்தைக் கொண்டு போனேன். சோம்பு வாசனை. அதற்கு அடியில் பூண்டு. பத்துப் பேருக்குக் குழம்பு தாளித்தது போலப் பூண்டு. கொஞ்ச நாளாக அவள் சோம்பு மென்றுகொண்டே திரிவாள், நான் விளையாட்டு என்று விட்டிருந்தேன். நீ எதற்காக வெற்றிலை மென்றாய் என்பது அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்தது. சிவப்பைக் கேலி செய்துகொண்டிருந்த எனக்கு அதன் அடியில் இருந்த வாடை தெரியவில்லை.

காவேரி என் வாயைக் கையால் பொத்தினாள். அவள் கை நெருப்பாகச் சுட்டது. “சொல்லாதீங்க சின்னம்மா. சொன்னா மருந்து செத்துரும். மருந்து செத்தா நானும் செத்துருவேன்.”

அந்தக் கையை எடுத்துவிட்டு நான் சொன்னேன். உள்ளூர எனக்கும் அந்தப் பயம் இருந்தது, சொன்ன வார்த்தையோடு பிள்ளை கண்ணை மூடிவிட்டால் என்ன செய்வது என்று. ஆனாலும் சொன்னேன். “ஏதோ பூண்டு லேகியம் திங்கறா டாக்டரம்மா. ரொம்ப நாளா திங்கறா போல.”

டாக்டரம்மா திட்டவில்லை. “இந்த மாத்திரை ரத்தத்த இளக்கும்மா,” என்றார். “சீக்கிரம் உறைய விடாது. அதுவே எங்களுக்கு இப்பத்தான் தெரிய வந்துட்டு இருக்கு. பூண்டும் அதே வேலையத்தான் செய்யுதோ என்னமோ. அந்த லேகியத்துல வேற என்னென்ன போட்டிருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. ரெண்டும் ஒரே வயித்துல சேந்தா என்ன ஆகும்னு நான் எந்தப் புஸ்தகத்துலயும் படிக்கல. ஆனா இவ உடம்பு சொல்லுதே.”

இரண்டையும் நிறுத்தினார். ஊசி போட்டார். படுக்க வைத்தார். நான் அவளைத் தூக்கவில்லை, தொடக்கூடப் பயந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மெல்ல மெல்லக் கறுப்பு பச்சையானது, பச்சை மஞ்சளானது. காதில் உடுக்கை நின்றது. பிறகு மாத்திரையை மட்டும் குறைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள், லேகியம் கிடையாது. அன்று வேண்டுமென்றே அவளைத் தோளுக்குக் கீழே கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தேன். விடிந்ததும் ஓடிப் போய்ப் பார்த்தேன். கை சுத்தமாக இருந்தது. ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

உன் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி மரத்தடியில் வைத்துத்தான் எல்லாவற்றையும் சொன்னார். சித்தேரி மலையிலிருந்து சந்தைக்கு இறங்கும் வைத்தியரிடம் அவரே உனக்கும், இப்போது உன் மகளுக்கும் வாங்கிக் கொடுத்த லேகியமாம். மலைப்பூண்டைப் பாலில் வேகவைத்துக் கிண்டி, கூட ஏதேதோ வேர்கள் சேர்த்தது. மூட்டு வாதத்துக்குக் கைகண்டதாம். வாங்கும்போது நாக்கில் ஒரு கல் உப்பை வைத்து, யாரிடமும் சொல்வதில்லை என்று விழுங்க வேண்டும். சொன்னால் மருந்து செத்துவிடும். நீயும் உப்பை விழுங்கினாய். இப்போது உன் மகளும் விழுங்கியிருக்கிறாள்.

“அந்த வைத்தியர் ஒன்னும் கேக்கலீங்களா மாமா?”

“கேட்டாரு. வேற மருந்து உள்ள இருந்தா எம்மருந்தத் தொடாதேன்னாரு. இல்லைன்னு சொல்லிட்டோம். சொன்னா குடுக்க மாட்டாரே.”

பார்த்தாயா அக்கா. இங்கேயும் கேட்டார்கள், அங்கேயும் கேட்டார்கள். இரண்டு இடத்திலும் நம் வீடு தலையை ஆட்டியது. உப்பு நாக்கில் கரைந்து போயிற்று, பேச்சும் அதோடு கரைந்து போயிற்று.

அவர் மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தார். காவேரியின் முடி. “அமாவாசைக்கு இத அறஞ்சிட்டா எல்லாம் முடிஞ்சிரும் பச்சி. அது ஒன்ன மட்டும் செய்ய உடு.”

“டாக்டரம்மா சொன்னத நீங்களும்தான கேட்டீங்க. அக்கா புடிக்கலீங்க மாமா.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “அவ பேயி இல்லைன்னா, அப்ப அவளக் கொன்னது யாரு? நானா?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருக்கு நீ பேயாக இருந்தே ஆக வேண்டும். நீ பேயானால்தான் அவர் உன் புருஷனாக மிச்சம் இருக்க முடியும். அந்த மனிதர் ஊரைவிட உன்னை அதிகமாக விரும்பியவர், ஆணியும் அவர்தான் வாங்கி வைத்திருந்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டால் நல்லது என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் சொல்லாமல் விட்டுத்தானே நம் வீட்டில் ஓர் உயிர் போனது?

“நீங்க நல்லதுன்னு குடுத்தீங்க,” என்றேன். “அந்த டாக்டரும் நல்லதுன்னு குடுத்தாரு. அக்கா ரெண்டு பேரையும் நம்பி முழுங்கினா. ஒருத்தர் குடுத்தது இன்னொருத்தருக்குத் தெரியல. அதுலதான் செத்தா. இத நான் மறைக்க மாட்டேன் மாமா, ஊருக்கே சொல்லுவேன். ஆனா அதுக்காக அவள மரத்துல அறைய உடமாட்டேன்.”

அவர் அழுதார். நீ செத்த அன்றுகூட அழாதவர், போகிற வருகிறவர்கள் நின்று பார்க்க அழுதார். ஆனால் முடிச்சை என்னிடம் கொடுக்கவில்லை. மறுபடி மடியிலேயே கட்டிக்கொண்டார். அமாவாசை இன்னும் வரவில்லை, அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் எனக்குத் தீரவில்லை. அதையும் உன்னிடம்தான் கேட்க வேண்டும். நேற்று காவேரியின் தலையை வாரிக்கொண்டே, “மத்து என்றால் என்னடி?” என்று கேட்டேன். “மோர் கடையறதா?” என்றாள். உன் பாஷையில் மருந்தைத்தான் அப்படிச் சொல்வாய் என்று சொல்லாமல், வேறு ஏதாவது அர்த்தம் உண்டா என்று கேட்டேன். தெரியாது என்றாள். உடுக்கை அடித்த அன்று பேசியதும் அவளுக்கு ஞாபகமே இல்லை. சின்ன வயதில் உன் வாயிலிருந்து கேட்டது எங்காவது மூலையில் தங்கியிருக்கும், காய்ச்சலில் வெளியே வந்திருக்கும், சொல்லக்கூடாத பயத்தில் வந்திருக்கும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கையில் விழுந்த அடையாளத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது, காதில் கேட்ட உடுக்கையும் மாத்திரையால் வந்ததுதான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அந்தக் குரலைப் பற்றி மட்டும் நான் டாக்டரம்மாவிடம் கேட்கவில்லை. அது நீயா? எனக்குச் சொல்லத்தான் வந்தாயா?

நான் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், அக்கா. அமாவாசையன்று விடிவதற்கு முன்பே அந்த மரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வேன். ஆணியோடு யார் வந்தாலும், உன் வீட்டுக்காரரே வந்தாலும், என்னைத் தாண்டித்தான் மரத்தைத் தொட வேண்டும். இதோ, காவேரி நிழலில் உட்கார்ந்து பழையபடி நகத்தைக் கடிக்கிறாள், நெஞ்சில் கொஞ்சம் பலவீனம் இருக்கிறதாம், பத்திரமாகப் பார்த்துக்கொள்வேன்.

இனி வராதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் பக்கம் மட்டும் போகாதே. வருவதென்றால் என்னிடம் வா.

உன்னையே எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் உன் ஓரகத்தி,
பச்சி